கருவியும் கடமையும்

‘அறளை பெயர்தல்’ என்றொரு சொல் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே நெடுங்காலமாக உண்டு. முதுமையில் நினைவு தடுமாறி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, உண்டதை உண்ணவில்லை என்று வாதாடி, பெற்ற பிள்ளையையே ‘நீ ஆர்?’ என்று கேட்கும் நிலையை அச்சொல் குறித்தது. சொல் இருந்தது, ஆனால் அதனோடு ஓர் ஏளனமும் ஒட்டியிருந்தது. வயதானால் இப்படித்தான் என்ற சமாதானமும் கூடவே இருந்தது. ஏளனமும் சமாதானமும் சேர்ந்து ஆட்சி செய்யுமிடத்தில் ஆராய்ச்சிக்கு வேலையில்லை, உரிமைக்கும் வேலையில்லை.

இது எமக்கு மட்டும் உரிய குறையன்று. யப்பானிய மொழியில் இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயர் மடமையைச் சுட்டும் எழுத்துகளால் அமைந்திருந்தது. அப்பெயர் நோயாளரை இழிவுபடுத்துகிறது என்று கண்ட அந்நாட்டு அரசாங்கம் 2004 ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டு, ‘அறிதல் தொடர்பான நோய்’ எனப் பொருள்படும் புதிய பெயரைச் சூட்டியது. பெயர் மாறியவுடன் நோய் மாறிவிடாது என்பது உண்மையே. எனினும் ஒரு சமுதாயம் தன் முதியோரை எந்தப் பெயரால் அழைக்கிறதோ, அந்தப் பெயருக்கு ஏற்றவாறே அவர்களை நடத்தவும் செய்கிறது.

மறதிநோய் முதுமையின் இயல்பான விளைவன்று. 1906 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில் நடைபெற்ற வைத்தியர் மாநாடு ஒன்றிலே, அலோய்ஸ் அல்ஸைமர் என்பவர், ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை விளக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. இன்று மறதிநோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பல நோய்களின் தொகுதி; அவற்றுள் அல்ஸைமர் நோயே மிகப் பெரும்பான்மையானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, அல்லது நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். செல்வந்த நாடுகளின் நோய் என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இதே நிறுவனம் தரும் வேறு சில எண்கள் எமது ஆராய்ச்சிக்கு இன்னும் முக்கியமானவை. 2019 ஆம் ஆண்டில் இந்நோயினால் உலகம் சுமந்த செலவு 1.3 இலட்சம் கோடி அமெரிக்க டொலர். இதில் ஏறத்தாழ அரைவாசி, வைத்தியருக்கோ மருந்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுக்கப்பட்ட பணமன்று. குடும்பத்தவரும் நெருங்கியவர்களும் ஊதியமின்றிச் செய்த உழைப்பின் மதிப்பு. சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் அவர்கள் இப்பராமரிப்பில் செலவிடுகின்றனர். பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது.

இந்த எண்களை ஊன்றி நோக்குபவருக்கு ஒன்று தெளிவாகும். உலகின் மிகப் பெரிய ஊதியமில்லாத் தொழிற்சாலைகளுள் ஒன்று வீட்டின் உள்ளறையில் இயங்குகிறது. அதற்கு வேலைநேரம் கிடையாது, விடுமுறை கிடையாது, சங்கம் கிடையாது, வேலைநிறுத்தமும் கிடையாது. அங்கு உழைப்பவளை நாம் தொழிலாளி என்று அழைப்பதில்லை. மனைவி என்றும் மகள் என்றும் மருமகள் என்றும் அழைக்கிறோம். இவ்வுறவுப் பெயர்கள் அன்பின் பெயர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பின் பெயரால் அழைக்கப்படும் உழைப்பு, உழைப்பாகாமல் போய்விடுவதில்லை.

இந்த உள்ளறைக்குள்ளேதான் இன்று டிஜிட்டல் கருவிகள் நுழைந்திருக்கின்றன. கதவு திறந்தால் மணியடிக்கும் உணர்கருவி, நோயாளர் எங்கே நிற்கிறார் என்பதைச் செய்மதியின் உதவியால் காட்டும் கைக்கடிகாரம், மருந்துவேளை வந்ததும் தானே திறந்து ஒலிக்கும் குளிகைப்பெட்டி, படுக்கையை விட்டு எழுந்தவுடன் அடுத்த அறைக்குச் செய்தி அனுப்பும் விரிப்பு, தூரதேசத்துப் பிள்ளை தன் தாயைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான கமரா, வைத்தியரோடு முகம்பார்த்துப் பேசும் வசதி, பராமரிப்பவருக்குப் பாடம் சொல்லித்தரும் செயலி, தடவிக்கொடுத்தால் குரலெழுப்பும் இயந்திரப் பிராணி என இவற்றின் பட்டியல் நீண்டு செல்கிறது. இவற்றைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும், எந்தக் கருவி திறமானது, எது மலிவானது என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. நாம் கேட்கவேண்டிய கேள்வி அதற்கு அப்பாற்பட்டது: கருவி வந்தபின் கடமை யாருடையது?

இக்கேள்விக்கு இரு திசைகளிலிருந்து ஆயத்த விடைகள் வருகின்றன.

ஒரு சாரார் கூறுவர்: ‘விஞ்ஞானம் சுமையை இறக்கிவிடும். இரவெல்லாம் விழித்திருந்த மகள் இனி உறங்கலாம், கருவி விழித்திருக்கும். ஆகவே கருவியைப் பரப்புவதே செய்யவேண்டிய காரியம்.’ மற்றொரு சாரார் கூறுவர்: ‘பெற்றோரைப் பேணுவது எமது பண்பாடு. அதை இயந்திரத்தின் கையில் ஒப்படைப்பது மேல்நாட்டுச் சீரழிவு. கூட்டுக் குடும்பம் திரும்பி வந்தால் இப்பிரச்சினையே இராது.’

பார்வைக்கு ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு கட்சிகளும் ஓரிடத்தில் கைகோத்து நிற்கின்றன. முதியவரின் பராமரிப்பு அவருடைய குடும்பத்தின் தனிப்பட்ட விவகாரமே என்பதை இருவருமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். அதனைச் சந்தையில் வாங்கிய பொருளால் நிறைவேற்றலாம் என்பவர் முதலாமவர். மருமகளின் உடம்பால் நிறைவேற்றவேண்டும் என்பவர் இரண்டாமவர். கூட்டுக் குடும்பத்தின் புகழைப் பாடுவோரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அக்குடும்பத்தில் படுக்கையை மாற்றியவர் யார்? பாடியவரா? அல்லது பாட்டைக் கேட்க நேரமில்லாமல் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரா?

கருவியும் கடமையும் எவ்வாறு பின்னிப் பிணைகின்றன என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று யப்பானிலே நடந்தது. கற்பனை செய்து உண்டாக்கிய எந்த உதாரணத்தையும் விட அது தெளிவானது. ஆகவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

2007 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஐச்சி மாகாணத்தின் ஒபு நகரிலே, மறதிநோயால் பாதிக்கப்பட்ட 91 வயது முதியவர் ஒருவர் வீட்டைவிட்டுத் தனியே வெளியேறினார். புகைவண்டி ஏறினார், அடுத்த நிலையத்தில் இறங்கினார், தண்டவாளப் பகுதிக்குள் சென்றார், வண்டியில் அடிபட்டு மாண்டார். அவரைப் பராமரித்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய மனைவி, வயது 85. தாமே பிறர் உதவி தேவை என்று அரசாங்கத்தால் மதிப்பிடப்பட்டிருந்தவர். மற்றவர் மூத்த மருமகள். கணவனை யொக்கஹாமாவில் விட்டுவிட்டு, மாமனாரைப் பார்ப்பதற்கென்றே அவ்வூருக்குக் குடிவந்தவர். முதியவர் வெளியேறிய அந்தச் சில நிமிடங்களில் மருமகள் அவர் அசுத்தப்படுத்திய பொருளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மனைவி களைப்பினால் சற்றே கண்ணயர்ந்திருந்தார்.

மத்திய யப்பான் புகைவண்டிக் கம்பெனி, வண்டிகள் தாமதமானதால் தனக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடாக ஏறத்தாழ 72 இலட்சம் யென் கேட்டு அக்குடும்பத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2013 இல் நகோயா மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் அத்தொகையைச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் ஏறத்தாழ 36 இலட்சம் யென் செலுத்தவேண்டும் என்றது. 2016 மார்ச் 1 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்புகளை மாற்றி, குடும்பத்தவர் எவருமே பொறுப்பாளி அல்லர் எனத் தீர்மானித்தது.

இவ்வழக்கிலே எமது கேள்விக்கு நேரடியாக உரிய ஒரு செய்தி உண்டு. அவ்வீட்டோடு சேர்ந்த அலுவலக அறையின் வாசலில் ஓர் உணர்கருவி பொருத்தப்பட்டிருந்தது. ஆள் நடமாடினால் மணியடிக்கும் சாதாரணக் கருவி அது. அன்று அதன் மின்னிணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. ‘இலகுவாக இயக்கியிருக்கக்கூடிய கருவியை இயக்காமல் விட்டீர்கள்’ என்பது குடும்பத்தவரின் கவனக்குறைவுக்குக் கீழ் நீதிமன்றங்கள் காட்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

இதன் பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். கருவி இல்லாத வீட்டில் 85 வயது மூதாட்டி கண்ணயர்வது மனித இயல்பு. எவரும் அதனைக் குற்றம் என்று சொல்லார். கருவி உள்ள வீட்டிலோ அதே கண்ணயர்வு கவனக்குறைவாகிறது. ஓய்வு தருவதற்கென்று வந்த கருவி, ஓய்ந்ததைக் குற்றமாக்கும் சாட்சியாக மாறிவிடுகிறது. நேற்றுவரை இயலாமையாக இருந்தது இன்று அலட்சியம் எனப் பெயர் பெறுகிறது. கருவி கடமையைக் குறைக்கவில்லை. கடமையின் எல்லையை விரித்து, அதே தோள்மீது ஏற்றிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு மனிதத்தன்மை வாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது ஒரு கதவைத் திறந்தே வைத்தது. ஒருவர் தாமாக முன்வந்து மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று சூழ்நிலைகளிலிருந்து தெரியுமாயின், அவர் சட்டப்படி பொறுப்பாளியாகக் கருதப்படலாம் என்பதே அக்கதவு. நெருங்கிப் பராமரிப்பவருக்கு ஆபத்து மிகுதி, விலகி நிற்பவருக்குக் குறைவு என்ற விபரீதம் இதிலே மறைந்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டினர். தனிமனிதப் பொறுப்பு என்ற சட்டகத்துக்குள் நின்று இச்சிக்கலைத் தீர்க்க முயலும் எந்த நீதிமன்றத்துக்கும் இதுவே கதி. அதிலிருந்து வெளியே வருவதற்கான வழியைச் சில நகரசபைகள் கண்டன. யமாத்தோ நகரம் 2017 இல், மறதிநோயாளரால் விபத்து நேரும்போது எழும் இழப்பீட்டை ஈடுசெய்யும் காப்புறுதியைத் தன் செலவில் ஏற்படுத்தியது. வேறு நகரங்களும் பின்தொடர்ந்தன. ஒரு மூதாட்டியின் உறக்கத்தின் விலையை நகரம் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. அங்கேதான் கடமை தன் உண்மையான உரிமையாளரைச் சென்றடைகிறது.

இயந்திரத்தின் இந்த இரட்டைத் தன்மை புதிய கண்டுபிடிப்பன்று. ‘மூலதனம்’ நூலில் இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கும்போதே, இயந்திரம் உழைப்பாளியின் நாளாந்தப் பாட்டைக் குறைத்ததா என்று ஜோன் ஸ்டுவர்ட் மில் எழுப்பிய ஐயத்தை மார்க்ஸ் எடுத்துக்கொள்கிறார். குறைப்பது அதன் நோக்கமே அன்று என்பது மார்க்ஸ் தந்த மறுமொழியின் சாரம். இயந்திரம் தன்னளவில் நண்பனுமன்று, பகைவனுமன்று. அது யாருடைய கையில், எந்த உறவுகளுக்கு மத்தியில் இயங்குகிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஆலைக்குப் பொருந்திய இவ்வுண்மை உள்ளறைக்கும் பொருந்தும். மணியடிக்கும் கருவியை ஆயிரம் வாங்கலாம். மணி கேட்டு எழுந்து செல்வதற்கு ஒரேயொருத்திதான் அவ்வீட்டில் உண்டு என்றால், ஆயிரம் மணிகளும் அவளைத்தான் எழுப்பும்.

இதுவரை பராமரிப்பவரின் பக்கத்தை நோக்கினோம். பராமரிக்கப்படுபவரின் பக்கமும் ஒன்றுண்டு. அவரும் மனிதரே, அவருக்கும் உரிமைகள் உண்டு.

ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக், 1694 ஆம் ஆண்டில் தமது நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயமொன்றில், ஒரு மனிதன் நேற்றும் இன்றும் அதே ஆளாக இருப்பதற்கு அவனுடைய பிரக்ஞையின் தொடர்ச்சியே ஆதாரம் என்று வாதித்தார். இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், நினைவு அழிந்தவரிடம் ஆளே இல்லை என்ற முடிவுக்கு வந்து சேர்வோம். நினைவு போனவரைப் பொருள்போல் நகர்த்துவதும், அவர் எதிரிலேயே அவரைப்பற்றி மூன்றாம் ஆளிடம் பேசுவதும், கேளாமலே உடைமாற்றுவதும் இம்முடிவின் அன்றாட வடிவங்கள். லொக்கை அறியாதவர்களும் லொக்கின் சீடர்கள்போல் நடந்துகொள்கின்றனர்.

இதற்கு மாறான ஒரு கருத்தை இங்கிலாந்தில் ரொம் கிற்வுட் என்பவர் 1997 இல் வெளிவந்த தமது நூலில் முன்வைத்தார். ஆளாயிருத்தல் என்பது ஒருவருடைய மண்டையோட்டுக்குள் பூட்டிவைத்த சொத்தன்று. மற்ற மனிதர் அவருக்கு உறவினால் அளித்துக்கொண்டிருக்கும் ஒரு நிலை என்பது அவர் கூற்று. எனவே நோய் மட்டுமே ஒருவரை அழிப்பதில்லை. சுற்றியுள்ளோர் அவரை நடத்தும் விதமும் அழிக்கிறது. ஏமாற்றுதல், குழந்தைபோல் நடத்துதல், பொருளாகக் கையாளுதல் முதலியவற்றை அத்தகைய அழிக்கும் செயல்களாக அவர் எண்ணிக்காட்டினார். மனிதனைச் சமுதாய உறவுகளின் தொகுதியாகக் காண்பவர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. தாத்தா தம் பெயரை மறந்துவிடலாம். ஊர் அவர் பெயரை மறக்காதவரை அவர் இருக்கிறார்.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு கருவிகளை நோக்கினால், எல்லாவற்றையும் ஒரே தராசில் போட இயலாது என்பது புலனாகும்.

இருக்குமிடம் காட்டும் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யப்பானியப் பொலிசாரின் கணக்குப்படி, 2023 ஆம் ஆண்டில் மட்டும் மறதிநோயாளர், அல்லது அந்நோயுடையவரெனக் கருதப்பட்டவர் 19,039 பேர் காணாமற்போனதாக முறைப்பாடு செய்யப்பட்டது. இத்தகைய ஆபத்தின் முன்னே கடிகாரத்தைக் கண்காணிப்பு என்று ஒதுக்குவது வசதியுள்ளவரின் வாதமாகும். கதவைப் பூட்டிவைப்பதைவிட, கட்டிலோடு கட்டிவைப்பதைவிட, மயக்க மருந்து கொடுப்பதைவிட, ஒரு மனிதர் தம் தெருவில் சுதந்திரமாக நடப்பதற்கு அக்கடிகாரம் உதவுமாயின் அது விடுதலைக் கருவி. ஆனால் அதையே காரணமாக்கி, நடக்க விரும்பும் அவரோடு நடப்பதற்கு ஆள் தேவையில்லை என்று தீர்மானித்தால், அது விலங்கு. நோய் முற்றுமுன், அவருக்கு விளங்கும் காலத்திலேயே, அவரிடம் கேட்டு ஒப்புதல் பெறுவதும் கேளாமல் மாட்டிவிடுவதும் ஒன்றல்ல.

ஏமாற்றும் கருவிகளைப் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. யப்பானிய விஞ்ஞானி தக்கனோரி ஷிபாத்தா உருவாக்கிய ‘பரோ’ என்னும் இயந்திரக் கடல்நாய்க் குட்டி, தடவினால் அசைகிறது, குரல் கொடுக்கிறது. பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் அது பயன்படுகிறது. ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரிலே முதியோர் இல்லமொன்றின் வாசலில், எந்த பஸ்ஸும் வராத ஒரு பஸ் தரிப்பிடத்தை அமைத்தனர். வீட்டுக்குப் போகவேண்டும் எனத் துடிப்பவர் அங்கே போய் அமர்வார். சிறிது நேரத்தில் துடிப்பு அடங்கும். பின்னர் உள்ளே அழைத்து வருவர்.

இவை பொய்யா? ஆம், பொய்யின் சாயல் இவற்றில் இருக்கிறது. ஆனால் அறத்தின் தராசில் பொய் எப்போதும் ஒரே நிறையுடையதன்று. இறந்துபோன கணவரைத் தேடும் மூதாட்டிக்கு ‘அவர் இறந்துவிட்டார்’ என்று நாள்தோறும் புதிதாகச் சொல்லி, நாள்தோறும் அவளைப் புதிதாக விதவையாக்குவது உண்மைக்குச் செய்யும் தொண்டாகாது. இங்கு நாம் கேட்கவேண்டியது வேறு. அந்தப் பொய் யாருடைய துன்பத்தைத் தணிக்கிறது? பஸ் தரிப்பிடத்தில் முதியவருக்குப் பக்கத்தில் ஒரு தாதி வந்து அமர்ந்து, எங்கே போகிறீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பேச்சுக் கொடுப்பாளாயின், அது அவருடைய உலகத்துக்குள் சென்று அவரைச் சந்திப்பதாகும். தாதியரின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே இருக்கையைப் போட்டார்களாயின், அது ஏமாற்று. கடல்நாய்க் குட்டிக்கும் இதுவே விதி. மனிதக் கைக்கு வழிவிட்டு அது மடியில் அமர்ந்தால் நன்று. மனிதக் கையை அகற்றிவிட்டு அமர்ந்தால் தீது.

அங்ஙனமாயின் கருவிகளால் பராமரிப்பவருக்கு மெய்யான பயன் உண்டா? நிச்சயமாக உண்டு, ஆனால் அதன் ஊற்று எங்கே என்பதைக் காணவேண்டும். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிற்றல்மன் என்பவரின் தலைமையில், மறதிநோயுள்ள துணைவரைப் பராமரித்த கணவன்மார், மனைவிமார் 406 பேரிடையே நீண்டகால ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தனியாகவும் குடும்பத்தோடும் ஆலோசனை வழங்கப்பட்டது; ஒத்த நிலையிலுள்ளோர் கூடும் குழுவில் அவர்கள் சேர்க்கப்பட்டனர்; வேண்டிய வேளையில் தொலைபேசியில் ஆலோசகரோடு பேசலாம் என்ற வசதியும் தரப்பட்டது. 2006 இல் வெளியான முடிவின்படி, இத்தகைய ஆதரவு பெற்றவர்கள் தம் துணைவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் காலம் சராசரியாக 557 நாட்கள் பின்தள்ளப்பட்டது. அந்தப் பலனுக்குத் துணையாயிருந்த ஒரே கருவி சாதாரணத் தொலைபேசி. ஆனால் அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார், அவருக்குப் பயிற்சி இருந்தது, ஊதியம் இருந்தது, பேசுவதற்கு நேரம் இருந்தது. அக்கருவியின் ஆற்றல் முழுவதும் மறுமுனையில்தான் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஐ-சப்போர்ட்’ என்னும் பயிற்சித் திட்டத்தையும் இவ்வாறே மதிப்பிடவேண்டும். ஐந்து பிரிவுகளும் 23 பாடங்களும் கொண்ட அது, நோயின் தன்மை, அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்களைச் சமாளித்தல் என்பவற்றோடு, பராமரிப்பவர் தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் வழியையும் கற்பிக்கிறது. ‘அப்பு என்மேல் கோபத்தினாலே கத்துகிறார்’ என்று எண்ணி உள்ளம் நொந்த மகள், அது நோயின் செயல் என்று அறியும்போது அவளுடைய துயரத்தில் ஒரு பகுதி கரைகிறது. அறிவு விடுதலை தரும் என்பது வெறும் மேடைப் பேச்சன்று. ஆயினும், பாடம் படிப்பதற்கும் ஒரு மணித்தியாலம் வேண்டும். அந்த மணித்தியாலம் முழுவதும் அப்புவோடு இருப்பவர் யார்? இக்கேள்விக்கு எந்தச் செயலியாலும் விடையளிக்க இயலாது. தமையன் விடையளிக்கலாம், அயலவர் விடையளிக்கலாம், பகற்பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்தும் பிரதேச சபை விடையளிக்கலாம்.

இனி எம் நாட்டு நிலைமையைச் சிறிது நோக்குவோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தனர். அப்பங்கு தொடர்ந்து பெருகி வருகிறது. வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் கொண்டுசென்றன. பெற்றோர் பெரிய வீடுகளில் தனித்து விடப்பட்டனர். அவ்வீடுகளின் கூடங்களில் இன்று கமராக்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கனடாவின் நள்ளிரவில் விழித்தெழும் மகன், தன் தாய் பகல்வேளையில் கதிரையில் அமர்ந்திருப்பதைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறான். அவனுடைய பாசத்தை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. கடல்கடந்த மகனுக்கு எஞ்சியிருப்பது அக்கண்ணாடித் துண்டு ஒன்றுதான். ஆயின் தாய் விழுந்தால் தூக்கிவிடுவது கமரா அன்று. அக்கிராமத்திலேயே தங்கிவிட்ட ஒரு பெண்தான் தூக்கிவிடுகிறாள். அவள் சம்பளம் குறைந்த வேலைக்காரியாகவோ, சம்பளமே இல்லாத உறவுக்காரியாகவோ இருக்கிறாள். கமரா தாயைப் பார்க்கிறது. அதே வேளையில் அந்தப் பெண்ணையும் பார்க்கிறது. கண்காணிக்கும் கண் கடலுக்கப்பாலும் உழைக்கும் கை இங்குமாகப் பிரிந்து கிடக்கும் இவ்வுறவை, வர்க்க உறவு என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

சட்டத்தின் நிலை என்ன? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது, அவர்களைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்கிறது. அச்சட்டம் முதியோருக்கு ஓர் அரணே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பிள்ளையின் கடமையை எழுதிவைத்த அளவுக்கு, அக்கடமையைச் செய்யும் பிள்ளைக்குச் சமுதாயம் ஆற்றவேண்டிய கடமை எழுதப்படவில்லை. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மகளுக்கு என்ன ஊதியம்? அவளுடைய முதுமைக்கு யார் ஓய்வூதியம் தருவர்?

மற்றொரு முரண்பாட்டையும் காண்க. 2019 ஆம் ஆண்டில் யப்பானும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, எம் இளைஞர்களும் யுவதிகளும் யப்பானிய மொழி கற்று, பராமரிப்புத் தொழிலுக்காக அந்நாட்டுக்குச் செல்லலாயினர். யப்பானில் 2000 ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறையில் உள்ளது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் எல்லோரும் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். அங்கே முதியவரின் படுக்கையை மாற்றுவது தொழில். அதற்குப் பயிற்சியும் பரீட்சையும் சம்பளமும் உண்டு. இங்கே அதே பெண் அதே வேலையைத் தன் பாட்டிக்குச் செய்தால் அது வெறும் பெண்பிள்ளையின் கடமை. வேலை ஒன்றே, அதன் பெறுமதியை நிர்ணயிப்பது சமுதாய ஏற்பாடு.

கருவிகளை மட்டும் நம்பியிருப்பது எத்தகையது என்பதை 2022 ஆம் ஆண்டு எமக்குக் காட்டிற்று. பொருளாதார நெருக்கடி முற்றிய அவ்வாண்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்டது. ஆஸ்பத்திரிகளில் மருந்தும் அருகியது. மின்சாரமும் இணையமும் நாணயமாற்றும் கிடைக்குமட்டும் ஓடும் கருவி, அவை நின்றதும் தானும் நின்றுவிடும். நெருக்கடி வேளைகளில் அடுத்த வேலியால் வந்து எட்டிப் பார்க்கும் மனிதரே நின்று பிடித்தவர்.

இதனால் நாம் கருவிகளைப் புறக்கணிக்கவேண்டும் என்பது பெறப்படாது. எமது நாட்டிலே வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதுகளின் சேவை, தாய்சேய் மரணத்தைக் குறைத்ததில் பெரும்பங்கு வகித்தது. பிரசவம் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று விட்டுவிடாமல், அது அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. பிறப்புக்கு ஏற்றுக்கொண்ட கடமையை முதுமைக்கும் ஏன் ஏற்கலாகாது? ஒவ்வொரு பிரிவிலும் மறதிநோயாளர் வீடுகளுக்குச் செல்லும் பயிற்சிபெற்ற ஊழியர் ஒருவர், அவர் கையில் தமிழிலும் சிங்களத்திலும் இயங்கும் கருவி, அக்கருவியின் மறுமுனையில் ஆலோசனை வழங்கும் வைத்தியர், வாரத்தில் சில நாட்களாவது மகளுக்கு ஓய்வு தரும் பகற்பராமரிப்பு நிலையம், வேலையை விட்டுப் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு என்ற இந்த அமைப்புக்குள் வந்தால், கருவி தன் முழுப் பயனையும் தரும். அமைப்பு இல்லாமல் வந்தால், அது கடைக்காரனின் இலாபமாகவும் மருமகளின் புதிய வேலையாகவும் முடியும்.

ஆகவே எந்தக் கருவி வந்தாலும் அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். பராமரிப்பவளுக்கு அது நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறதா, அல்லது அவளைக் கண்காணிக்கிறதா? நோயாளரை மனித உறவுக்குள் வைத்திருக்கிறதா, அல்லது அதிலிருந்து அகற்றுகிறதா? அவருடைய வாழ்வைப் பற்றி அது திரட்டும் செய்திகள் அவருடைய நன்மைக்குப் பயன்படுகின்றனவா, அல்லது யாரோ ஒருவருடைய வியாபாரத்துக்கா? இம்மூன்றுக்கும் தக்க விடை தரும் கருவியை இருகரம் நீட்டி வரவேற்போம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க பதினான்கு காரணிகளை அகற்றினால், மறதிநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் எனக் கூறுகிறது. அவற்றுள் இளமையில் கல்வி கிட்டாமையும் ஒன்று. கேள்விக்குறைவும், உயர் இரத்த அழுத்தமும், முதுமையில் தனிமைப்படுத்தப்படுவதும் வேறு சில. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுத் தோட்டத்துக்கோ கடைக்கோ செல்லும் ஒரு பிள்ளையைத் திரும்ப வகுப்பில் அமர்த்தும் ஆசிரியர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் நிகழக்கூடிய ஓர் இருட்டைத் தடுப்பதற்கும் பணிபுரிகிறார்.

வகுப்பறையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ‘அறளை பெயர்ந்தவர்’ என்று சிரிக்கும் மாணவனிடம் அது ஒரு நோயின் பெயர் என்று சொல்லிக்கொடுப்பது. பாட்டியைப் பார்ப்பதற்காகத் தங்கை மட்டும் பள்ளிக்கு வராதிருக்கிறாளே, நீ ஏன் வருகிறாய் என்று அவனைக் கேட்பது. அக்கேள்வியை அவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். வீட்டிலிருந்து அது கிராமசபைக் கூட்டத்துக்கும், அங்கிருந்து பாராளுமன்றத்துக்கும் செல்லவேண்டியது. கருவியைக் கடையில் வாங்கலாம். கடமையைப் பங்கிடுவதற்கு மக்கள் ஒன்றுசேரத்தான் வேண்டும்.